புல் மட்டுமே தின்ற காளை

"அண்ணே, இது புல்லு தின்ன மாடா?"

குழித்துறைச் சந்தையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த ஞானையன் கத்தியை நிறுத்தினார்.

"பின்ன, புரோட்டாவா தின்னும்?"

எட்சன் சிரிக்கவில்லை. மாமியார் இறந்ததிலிருந்து மாமனார் ஆபேலுக்கு ஒரு பிடிச் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துபாயிலிருந்து திரும்பியிருந்த எட்சன் போனில் படித்துப் பிரமித்துப் போயிருந்தான். தீவனம் தின்ற மாட்டைவிடப் புல் தின்ற மாட்டில் ஒமேகா-3 சத்து கூடுதலாம். அதன் கொழுப்புகூட மஞ்சளாக மின்னுமாம்.

"உங்க எறச்சி வேண்டாம். நானே வளத்துக்கிடுதேன்."

அன்றே ஓர் இளங்காளையோடு வீட்டுக்கு வந்தான். மனைவி சஜிதா அதற்குக் கஞ்சித்தண்ணீர் வைத்தாள்.

"ஏட்டி, ஒமேகா போயிரும். புல்லு மட்டுந்தான்."

ரப்பர் தோட்டத்துப் புல்லுக்கு மருந்து அடித்திருந்தது. ஆற்றங்கரையில் அறுக்கப் போனவன் புல்லோடு விரலையும் அறுத்துக்கொண்டு வந்தான்.

"கம்ப்யூட்டர் தட்டுன கையில அரிவாளு நிக்குமா? இஞ்ச தா, மருமவனே," என்று ஆபேல் வாங்கிக்கொண்டார்.

சீக்காளி மாமனாரைப் புல்லறுக்க விட்டவன் என்று சபை முழுக்கப் பேச்சு. எட்சன் பொறுத்துக்கொண்டான். காளையின் தோல் மினுங்க மினுங்க, ஆராதனையில் நிற்பதுபோல் கைகட்டி அதன் முன்னால் நின்றான்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் ஞானையன் காளையை ஓட்டிப் போனார். மறுநாள் ஆபேலே போய் இறைச்சி வாங்கி வந்தார்.

எட்சன் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தான். "மாமா, கொழுப்பு என்னா மஞ்சளு பாத்தியளா?"

"நான் மஞ்சப்பொடி போட்டேன்," என்றாள் சஜிதா.

"புல்லு மணம் அடிக்குதே, அது?"

"நல்லா அடிக்குது," என்ற ஆபேல் மறுபடி சோறு கேட்டார். சஜிதா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பொங்கல் கழிந்து ஆபேலைச் சோதித்த டாக்டர் அசந்துபோனார். "நல்லாத் தேறிட்டாரே. என்ன குடுத்தீங்க?"

எட்சன் புல்லின் மகிமையை விளக்கினான். டாக்டர் வாய் பிளந்து கேட்டார்.

"எனக்கும் ஒரு கிலோ கிட்டுமா?"

எட்சன் நேராகச் சந்தைக்குப் போனான். "அண்ணே, அதே மாதிரி இன்னொண்ணு வேணும். மாமாவை எழுப்பி நடக்க வச்சிட்டுதே அந்த மாடு."

ஞானையன் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"உள்ளதுதான் மக்கா. இப்பவும் காலையும் மாலையும் அந்த மாட்டுக்குப் புல்லுக்கட்டைச் சுமந்துட்டு எனக்க மாட்டுத் தொழுத்துக்கு நடந்து வாறாரு. நீங்க தின்னது, அண்ணைக்கு நீ வேண்டாமுன்னு சொன்ன இந்தக் கடை எறச்சி."