எடையில் கைவரிசை

அரைக் கிலோ மணலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விஸ்வேஸ்வரன் விழித்துக்கொண்டு நின்றார். கே.கே. நகரில் இருந்த அந்தப் பிசியோதெரபி நிலையத்தின் முன்னறையில் நல்ல வேளையாக வேறு யாரும் இல்லை. தீயணைப்பதற்காக மாட்டியிருந்த சிவப்பு வாளி கண்ணில் பட்டது. மணலோடு மணலாக அதில் கொட்டினார். காலியான துணிப்பையில், ஒளித்துக் கொண்டுவந்த பொரியை நிரப்பி, நாடாவை இறுக்கிக் கட்டி, அலமாரியில் எடுத்த இடத்திலேயே வைத்தார். பையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'வாலாம்பாள்' என்று எழுதியிருந்தது.

வாலாம்பாள் அவர் மனைவி. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இனிமேல் சும்மா உட்காரக் கூடாது, பயிற்சியாளர் கண்காணிப்பில் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார். வாரம் மூன்று நாள், ஆளுக்கொரு மணல் பையைத் தூக்கிப் பழக வேண்டும். அவளோடு சேர்த்து ஆறு பெண்கள், எல்லாரும் அதே சிகிச்சையைத் தாண்டி வந்தவர்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களுக்கு அனுமதி இல்லை.

விஸ்வேஸ்வரனுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவளை ஒரு காபி டம்ளர்கூடத் தூக்க விட்டதில்லை. கனம் தூக்கினால் கை வீங்கிவிடும் என்று எதிர்வீட்டுக்காரர் வேறு பயமுறுத்தி வைத்திருந்தார். அவளை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய மனுஷனுக்கு அந்த நடுக்கம் இன்னும் விடவில்லை. தூக்கமே போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவர். ஐம்பது கிராம் குறைந்தாலும் உள்ளங்கையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது எடையில் கைவைத்தார்.

வகுப்பு முடிந்து வாலாம்பாள் வெளியே வந்தாள்.

"ரொம்பக் கனமா இருந்துதா?"

"இல்லையேன்னா. பஞ்சாட்டம் இருந்தது."

அன்று மத்தியானம் விஸ்வேஸ்வரன் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

புதன்கிழமை சீக்கிரமே போய்ப் பையைப் பிரித்தால் உள்ளே மறுபடி மணல். திக்கென்றது. பயிற்சியாளர் ரோகிணி கறாரான பெண். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பையாகச் சோதித்து நிரப்பி வைக்கிறாள் போலிருக்கிறது என்று முடிவு கட்டினார். திருடனே போய்ப் புகார் கொடுக்க முடியுமா? சத்தம் காட்டாமல் மணலைக் கொட்டிப் பொரியைப் போட்டார்.

அடுத்த வாரம் ரோகிணி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாமி அசால்ட்டா தூக்குறாங்க சார். கையை அளந்து பாத்துட்டேன், வீக்கமே இல்ல. இனிமே ஒரு கிலோ."

"என்னம்மா அவசரம்? அரைக் கிலோவே போதுமே."

"லேசா இருக்குன்னு அவங்களே கேக்குறாங்க சார்."

தன் பொரியே தனக்கு எமனாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அவள் நிஜமான ஒரு கிலோவைத் தூக்க வேண்டிவருமே. பை பெரிதாயிற்று, பொரியும் கூடிற்று. அவள் இன்னும் லேசாகத் தூக்கினாள். ஒரு கிலோ ஒன்றரை ஆனது, ஒன்றரை இரண்டானது.

"ஆயுத பூஜைக்கு இன்னும் எம்புட்டு நாள் கிடக்கு, சார் படி படியா வாங்குறீங்களே" என்றார் பொரிக்கடை ஆண்டிச்சாமி.

"சும்மா கொறிக்கத்தான். தலை தட்டாம அளந்து போடுப்பா."

இத்தனை மணல் கொட்டியும் அந்தச் சிவப்பு வாளி நிரம்பவே இல்லை. அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து சில நாள் பச்சை வெங்காய வாசனை வந்தது. பெண்களுக்கு இப்படியும் ஒரு பயிற்சி உண்டு போலும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை குண்டு விழுந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து மாமிக்கு மூணு கிலோ இரும்பு டம்பெல் சார்."

இரும்புக்குள் பொரி போட முடியாது. இத்தனை நாள் பொரி தூக்கிய கையில் திடீரென்று மூன்று கிலோ. விஸ்வேஸ்வரனுக்கு வேர்த்துவிட்டது.

"வேண்டாம்மா. அவளால முடியாது. தப்பெல்லாம் என் மேலதான்." நாற்காலியில் உட்கார்ந்து, மணல், வாளி, பொரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "முப்பது வருஷம் அடுத்தவன் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தினவன் நான். கடைசியில என் ஆத்துக்காரி எடையிலேயே கள்ளம் பண்ணிட்டேன்."

வகுப்பு முடிந்து ஆறு பெண்களும் திரையருகே வந்து நின்றிருந்தார்கள். ரோகிணி, வாலாம்பாள் கையிலிருந்த பையை வாங்கி அவர் கையில் வைத்தாள்.

"இப்பத்தான் தூக்கி முடிச்சாங்க. நீங்களே எடை சொல்லுங்க."

உள்ளங்கை சட்டென்று தாழ்ந்தது. முப்பது வருஷத்துக் கை பொய் சொல்லாது. சுத்தமாக இரண்டு கிலோ.

"மொத நாளே தெரியும்" என்றாள் வாலாம்பாள். "நீங்க காபி குடிக்கப் போற சமயம் பாத்து, அந்த வாளி மணலைத்தான் அள்ளிப் போட்டுண்டேன்."

"என்னண்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"எப்படிச் சொல்றது? பஞ்சாட்டம் இருக்குன்னு சொன்ன அன்னிக்குத்தானே ஆபரேஷனுக்கு அப்புறம் மொத மொதல்ல தூங்கினேள்."

விஸ்வேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். அவளைப் பார்க்க வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பேச்சை மாற்ற வேண்டும் போலிருந்தது.

"அப்போ, நான் போட்ட பொரியெல்லாம்?"

ஆறு பேரில், பேரையூரிலிருந்து பஸ் ஏறி வருகிற சீனியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வெங்காயம், பச்சமொளகா நாங்க கொண்டாந்துர்றோம் சார். இரும்பு வந்தாலும் நிப்பாட்டிராம, திங்கக்கிழமை கொஞ்சம் பொட்டுக்கடலையும் சேத்துப் போடுங்க."