நிழலுக்கு லீவு விடாத எட்டு நிமிடங்கள்

செல்போன் எதைக் கேட்டாலும் படிக்காமலே ‘சரி’யை அமுக்குகிற ரகம் நான். அஸ்தினாபுரம் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள் செய்கிற காரியமா இது? அப்படி அமுக்கி அமுக்கித்தான் பிள்ளைகளுக்காக ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். ஒவ்வொரு பதிவின் அடியிலும் “சந்தேகம் இருந்தால் கமென்ட் போடுங்கள்” என்று கெஞ்சுவேன். இரண்டு மாதமாக ஒன்றுகூட வரவில்லை. (என் கணவர் “நான் போட்டேனே” என்றார். பொய் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை.)

ஏப்ரலில் ஒரு நாள் சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வரும். நேராக நிற்கிற எதற்கும் உச்சிவேளையில் நிழல் விழாது. ‘நாளை 12 மணிக்கு நிழல் காணாமல் போகும்!’ என்று பதிவு போட்டு, மறுநாள் முழுப் பள்ளியையும் மைதானத்தில் நிறுத்திவிட்டேன். யாரும் படிக்காத வலைப்பூ எதற்கு என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஹெச்.எம். மேடமும் குடையோடு வந்தார்.

மணி பன்னிரண்டு. வாலிபால் கம்பத்தின் அடியில் நாலு விரல் நிழல்.

“மிஸ், நிழல் இன்னும் கீது மிஸ்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“என்ன டீச்சர், உங்க நிழலுக்கு இன்னைக்கு லீவு இல்லையா?” என்றார் ஹெச்.எம். “பசங்க வெயில்ல வேகறாங்க. அந்த ப்ளாகை இன்னைக்கே மூடிடுங்க.”

அப்போது, வகுப்பில் வாயே திறக்காத எட்டாம் வகுப்பு நஸ்ரின் முன்னால் வந்தாள்.

“மேடம், 12.08க்குத்தான் போகும். எங்க வூட்டு காலண்டர்ல மத்தியான லுஹர் தொழுகை நேரம் போட்டிருக்கு. சூரியன் உச்சி சாஞ்சப்புறம்தான் தொழணும்னு அத்தா சொல்வாங்க. மிஸ்ஸுக்கு நேத்தே கமென்ட் போட்டேன்.”

“எனக்கு வரவே இல்லையேம்மா!”

“நீங்க அப்ரூவ் பண்ணாத்தான் மிஸ் வரும்.”

ஹெச்.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, எட்டு நிமிஷம்தானே.”

நான் செல்போனைத் திறந்தேன். என் அனுமதிக்காக அறுபத்துமூன்று கமென்ட்கள் காத்துக் கிடந்தன! ‘வண்டலூர் முதலை ஏன் வாயைத் திறந்தே வெச்சிருக்கு?’ ‘நட்சத்திரம் பகல்ல எங்க போகுது?’ ‘மிஸ், கோவமா? ஏன் பதிலே சொல்லல?’ ஐயோ, இத்தனை பேர் என்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்!

திடீரென்று மைதானம் அடங்கிப்போனது. நிமிர்ந்தேன். கம்பம் இருந்தது, நிழல் இல்லை. ஹெச்.எம். குடையை மடக்கிவிட்டுக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வானத்தைப் பார்ப்பதா, நஸ்ரினைப் பார்ப்பதா என்றே தெரியவில்லை.

வலைப்பூ பிழைத்தது. கமென்ட்களுக்கு அனுமதி கொடுக்கும் வேலை நஸ்ரினுடையது. அறுபத்துமூன்றில் ஒன்று என் கணவர் போட்டது: ‘நல்லா எழுதறே. சாப்பாடு எப்போ?’

இப்போதும் அவர் கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், என் மகள் கூடத்திலிருந்து கத்துகிறாள்: “அப்பா, வெயிட் பண்ணுங்க. அம்மா இன்னும் அப்ரூவ் பண்ணல!”