குத்துமதிப்பு சாய்த்த காசு அண்டா

செஞ்சியில் குத்துமதிப்பைப் போல வாயாலேயே நாலு குடியைக் கெடுத்தவன் எவனும் கிடையாது. என் குடியும் அதில் ஒன்று.

புளியமரம் குத்தகை எடுப்பவன். மரத்தை அண்ணாந்து பார்த்து, "குத்துமதிப்பா பத்து மூட்டை" என்பான். அஞ்சுதான் தேறும். உடனே உலுக்கின ஆளோடு சண்டைக்குப் போவான். கல்யாணத்தில் எத்தனை இலை விழும், பஸ்ஸில் எத்தனை பேர், எல்லாவற்றுக்கும் கணக்கு சொல்வான். அவன் சொன்னதில் பாதி போட்டால் சரியாக இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

போன ஆடித் தள்ளுபடிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்காரர் பெரிய அண்டா நிறைய ஒரு ரூபாய் காசைக் கொட்டி வாசலில் வைத்தார். எத்தனை காசு என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். கிட்டத்தில் சொன்னவருக்கு வாஷிங் மெஷின்.

என் மனைவிக்கு மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடிவிட்டது. துணி பிழிய முடியாது. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மெஷின் வாங்க வக்கில்லை.

குத்துமதிப்பு அண்டாவைச் சுற்றி வந்தான். "நாப்பதாயிரம். எழுதிக்கடா" என்றான். நான் இருபதாயிரம் என்று எழுதிப் போட்டேன்.

கடைக்காரர் எண்ணித்தான் போட்டிருந்தார். இருபதாயிரத்துச் சொச்சம் என்று மைக்கில் சொல்லி, என் பேரைக் கூப்பிட்டார். மெஷினை என் ஆட்டோவில் ஏற்றினார்கள். என் மனைவி அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

குத்துமதிப்பு என் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாடா எழுதின?"

"இருபது."

"நான் நாப்பதுன்னு சொன்னேனே."

"நீ சொல்றதுல பாதிதான்டா எப்பவும். கம்முனு வா, மெஷின எறக்கணும்."

"என் கணக்கு பாதியா? இந்த அண்டா நாப்பதாயிரம் புடிக்கும்டா. எவன் எண்ணினது?"

மூட்டை தூக்கின உடம்பு. அண்டாவைக் கட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டான். காசு ரோட்டில் கொட்டியது. பின்னாலேயே, உள்ளே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய சோத்துக் குண்டானும் உருண்டு வந்தது.

"சில்லற பத்தல. நெறஞ்சா மாதிரி தெரியட்டும்னு வெச்சேன்" என்றார் கடைக்காரர்.

பெரிய கணக்கு எழுதிப் போட்டவர்கள் விடுவார்களா? கடையை மறித்துக்கொண்டார்கள். போட்டி ரத்து. மெஷினை என் ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

"பாத்தியா, நாப்பதாயிரம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான் பாவி. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் கணக்கு சரி. அதற்கு என் மெஷின்தான் கிடைத்தது. கையில் ஸ்பேனர் இல்லாமல் போனது அவன் ஆயுசு.

என் மனைவி காலி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "போர்வையெல்லாம் எடுத்தாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து வாராவாரம் வருகிறான்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். நனைந்த போர்வையை ஒற்றை ஆளாகப் பிழிய முடியாது. திட்டிக்கொண்டே மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.