சம்பந்தியம்மா வழுக்கிய வாசலில் இப்போது புல் இல்லை

யட்டியாந்தோட்டை சம்பந்தி நல்லையா அவர்களின் சமூகத்துக்கு, கஹவத்தையிலிருந்து கிருஷ்ணராஜ் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, உங்கள் மகன் இந்திரகுமார், என் மகள் கோகிலா, நம் இருவருக்கும் பொதுவான பேத்தி எல்லோரும் சௌக்கியம். மழையும் சௌக்கியமாகவே பெய்துகொண்டிருக்கிறது. அங்கே உங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மாவின் சுகத்தையும், முக்கியமாக அவர்களுடைய இடுப்பின் சுகத்தையும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் யாருங்க கடுதாசி எழுதுறது என்று கேட்பீர்கள். நான் போன் எடுத்தால் நீங்கள் "ம்" என்று சொல்லிச் சம்பந்தியம்மாவிடம் கொடுக்கிறீர்கள். அவர்கள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரமுடியாது. அதனால்தான்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பொங்கலுக்கு வந்த சம்பந்தியம்மா, கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை உங்கள் மகன் கட்டாரில் உழைத்த காசில் பதித்த இன்டர்லொக் கல் பாதையில், கல் இடுக்கில் முளைத்த புல்லையும் பாசியையும் மிதித்து வழுக்கி, பலகாரத் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்ததும், "இந்த வாசல்ல இனிமே நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொன்னவர்கள், சேலையில் பாசியோடு அப்படியே திரும்பிப் பஸ் ஏறினார்கள். நீங்களும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினீர்கள். இப்போது பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்தாகிவிட்டது. "எங்கம்மா வராம எம் புள்ளைக்குக் காது குத்துறதில்ல" என்கிறார் மாப்பிள்ளை. கோகிலா, வெங்காயம் இல்லாத நேரத்திலும் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை சம்பந்தி. கோபம் புல்லின் மேல்தானே, புல்லை ஒழித்தால் வந்துவிடுவார்கள் என்று முடிவு கட்டினேன்.

நான் தோட்டத்தில் புல்லுவெட்டுக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மலை மலையாகப் புல் வெட்ட வைத்தவனுக்கு ஒரு வீட்டு வாசல் எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் வீட்டாரை எல்லாம் வாசலில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல நிற்கவைத்து, தேயிலை மலையில் செய்வதுபோல ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை, "மாமா, இன்னக்கி ஒரு நாளுதான் எனக்கு லீவு" என்றார். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு நாள் சம்பளத்துக்குப் பேரு போடுவீங்களா?" என்று கேட்டாள். நானும் பழக்க தோஷத்தில், "நீ லேட்டா வந்த, அரைப் பேருதான், அரை நாள் சம்பளம்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. இருந்தாலும் சொரண்டியால் இடுக்கிடுக்காகச் சுரண்டி எடுத்தோம். தோட்டத்து வழக்கப்படி, வெட்டிய புல்லை அள்ளாமல் நிரைக்குள்ளேயே பரப்பிவிடச் சொன்னேன், காய்ந்து மண்ணுக்கு உரமாகட்டும் என்று. கோகிலா, "அப்பா, இது தேயிலை இல்லப்பா, வாசலு" என்றாள். "வேலைய எனக்குச் சொல்லிக் குடுக்காத" என்றேன். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நம்ம ரத்தினபுரிப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, குடைக் கம்பை நட்டால்கூடத் துளிர் விடும். நான் பரப்பி வைத்த புல் எல்லாம் கிடந்த இடத்திலேயே வேர் பிடித்தது. முன்பு இடுக்கில் மட்டும் இருந்த புல், இப்போது கல்லின் மேலேயும் வந்து உட்கார்ந்தது. போதாததற்கு, சுரண்டியதில் இடுக்கு மண் போய்விட்டதால் மிதிக்கிற கல் எல்லாம் ஆடும் பல்லு மாதிரி ஆட ஆரம்பித்தது.

பிறகு பக்கத்து வீட்டு ஹபீலா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "உப்பப் போட்டுப் பாருங்களேன், எங்கட உம்மா அப்பிடித்தான் செய்வாங்க" என்றார். மூட்டை உப்பு வாங்கித் தூவினேன். மறுநாள் காலையில் பார்த்தால் எதிர்வீட்டுக் குணதாச முதலாளியின் மாடு, கன்று, அதுகளுக்குத் தெரிந்த மாடுகள் எல்லாம் வாசலில் நின்று கல்லை நக்கிக்கொண்டு நிற்கின்றன. விரட்டினால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நக்குகின்றன. நக்கியது போக, போகும்போது சாணியும் போட்டுவிட்டுப் போயின. உப்பு மழையில் கரைந்தது, சாணி தங்கிவிட்டது, புல்லுக்குக் கொண்டாட்டம்!

அப்புறம் கொதிதண்ணீர். அது நல்ல வைத்தியம் சம்பந்தி, பொய் சொல்லக்கூடாது. ஊற்றின இடத்தில் புல் அப்படியே துவண்டு படுத்துவிட்டது. ஆனால் பாதி வாசல் தாண்டியதும் என் வீட்டுக்காரி ஓடிவந்து கேத்தலைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயையோ, அது வல்லாரை! நாளைக்குச் சம்பலுக்கு வச்சிருக்கேன், அதுல ஊத்துறீங்களே!" என்று கத்தினாள். பார்த்தால் கேட்டின் ஓரம் வல்லாரை, தண்ணிக் குழாய் ஓரம் பொன்னாங்காணி, நடுவில் கீழாநெல்லி. எது புல், எது கறி என்பதில் எங்களுக்குள் ஒரு முடிவு வருவதற்குள் காஸ் சிலிண்டர் முடிந்துவிட்டது.

கடைசியில் டவுனில் ஹாட்வெயார் வைத்திருக்கும் ஹில்மி நானாவிடம் போனேன். அவர், "கங்காணியார், இடுக்குல மண்ணு ஈக்கிற வரைக்கும் புல்லு வரத்தான் செய்யும். கல்லக் கழட்டி, வேரோட எடுத்துட்டு, மண்ணு கலக்காத கழுவின மணலக் கீழயும் போட்டு இடுக்குலயும் நிரப்புங்க. மிச்சத்த மாசத்துக்கு ஒருக்கா கூட்டினாப் போதும்" என்றார். சரியான யோசனை. மணல் வாங்கினேன். அது சேறும் மண்ணுமாக இருந்தது. கழுவ வேண்டுமே? குணதாச முதலாளி வீட்டில் பழைய வட்டிக் கூடை ஒன்று சும்மா கிடந்தது, அவருடைய அப்பா மாணிக்க மண் அலசிய கூடை. அதை இரவல் வாங்கி, ரோட்டோர ஓடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, மணலை அள்ளி அள்ளிச் சுற்றிச் சுற்றி அலசினேன். மற்ற ஊராக இருந்தால் மணல் கழுவுகிறான் என்று விட்டுவிடுவார்கள். மாணிக்கம் கிடைக்கிற நம்ம பகுதியில் ஒரு ஆள் வாசலில் நாலு கல்லைக் கழட்டி வைத்துவிட்டு வட்டிக் கூடையோடு ஓடையில் நின்றால் என்ன அர்த்தம்? அது எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை.

முதலில் ஒரு திரீவீலர் நின்றது. பிறகு இன்னொன்று. "கங்காணிக்கு மாணிக்கம் கெடச்சிருச்சாம், வாசல்லேயே கெடக்குதாம்" என்று கஹவத்தை பஸ் நிலையத்தில் பேசிக்கொண்டதாக மாப்பிள்ளைக்கே போன் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட வியாபாரி ஒருவர் வந்து, என் கையைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு துண்டுக்குள்ளேயே விலை பேச ஆரம்பித்தார். நான், "ஐயா, இது புல்லுக்குங்க" என்றேன். அவர், "அப்பிடித்தான் சொல்லோணும்" என்று கண்ணைச் சிமிட்டினார். இதற்குள் வாசலில் ஒரு கூட்டம். யார் என்ன என்று கேட்காமல் ஆளுக்கொரு கல்லாகப் புரட்டினார்கள், அடியில் இருந்ததை விரலால் கிளறினார்கள், வேர் வேறாக மண் வேறாகப் பிரித்துப் போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு சுத்தமாகப் புல் எடுத்த ஒரு கேங்கை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. பேர் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை!

பிறகு பொலிஸ் வந்தது. மாணிக்கம் தோண்ட லைசன் இருக்கிறதா என்று கேட்டார் வந்தவர்களில் பெரியவர். "மேக்க மொகத?" என்று, இது என்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டுக் கூடையைக் காட்டினார். நான், "தணகொள, சேர்!" என்று சொல்லி, கையில் இருந்த புல்லைத் தூக்கிக் காட்டினேன். அவர் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். உங்கள் மகன் நல்ல சிங்களத்தில், அம்மா வழுக்கி விழுந்ததிலிருந்து காது குத்து வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பொலிஸ் பெரியவருக்கும் ஒரு மாமியார் இருக்கிறார் போல. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கூட்டத்தை மட்டும் கலைத்துவிட்டுப் போனார்.

கல்லைத் திரும்பப் பதித்தோம். இடுக்கில் போடுகிற மணல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் உள்ளே இறங்கும் என்று ஹில்மி நானா சொல்லியிருந்தார். இங்கே எங்கே வெயில்? என் வீட்டுக்காரி பெரிய சட்டியை வைத்து, கடலை வறுப்பதுபோல மணலை வறுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளையும் கோகிலாவும் தும்புத்தடியால் கூட்டிக் கூட்டி இடுக்கில் இறக்கினார்கள். அரைப் பேர் விஷயத்தையும் என் வீட்டுக்காரி அத்தோடு மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், தேத்தண்ணி வந்தது.

ஆகவே சம்பந்தி, இப்போது எங்கள் வாசலில் புல் இல்லை, பாசி இல்லை, ஆடும் கல் இல்லை. தயவுசெய்து சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி அழைத்து வாருங்கள். அவர்கள் மடியில் உட்காரவைக்காமல் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினால், எங்கள் யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. சின்னவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு, உங்கள் இருவர் கால்களும் எங்கள் வாசலில் நேராக நடக்க முருகன் துணை.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி,
கிருஷ்ணராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போகும்போது வாசல் கேட் திறந்த சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா! கொடகவெலத் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, கஹவத்தையிலேயே இறங்கிவிட்டார்களாம். நேராக நடந்து வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார்கள். கோகிலா அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இந்த முறை சத்தமாகவே. நான் பெருமையோடு, "பாருங்கம்மா, ஒரு புல்லு இல்ல" என்றேன். அவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "புல்லா? புல்லு மேல எனக்கென்னங்க கோவம்? விழுந்தது எனக்கு வலிக்கவே இல்ல. நான் விழுந்ததும் ஒங்க சம்பந்தி விழுந்து விழுந்து சிரிச்சாரே, பஸ்ஸு யட்டியாந்தோட்டை போற வரைக்கும் சிரிச்சாரே, அதத்தான் என்னால தாங்க முடியல. அந்த மனுசன் சிரிச்ச வாசல்ல எப்படிக் கால் வைக்கிறது?" என்றார்கள். நாங்கள் நால்வரும் வறுத்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காது குத்துக்கு நீங்களும் கட்டாயம் வரவேண்டும், அவர்களைக் கூட்டிப் போகவும் நீங்களே வரவேண்டுமாம். வாசலை இன்று காலையில்தான் சோப்புப் போட்டுக் கழுவினோம், இன்னும் காயவில்லை. நீங்கள் வழுக்கினால் நாங்கள் யாரும் சிரிக்கமாட்டோம். சம்பந்தியம்மா மட்டும் இப்போதே கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.