மாப்பிள்ளையின் ஸ்வெட்டரும் பேத்தியின் கம்ப்யூட்டரும்

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் மாடிப்படி ஏற ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் முந்தாநாள் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது நான்தான் என்பதை வேறு யாரும் சொல்லிக் கெடுப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

நம் பேத்திக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வேலை கிடைத்ததல்லவா, அந்தக் கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன். திங்கட்கிழமைக்குள் முதல் வரைபடம் வராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். வேகத்துக்காக மெமரி என்று ஒரு பச்சைப் பட்டை வாங்கி வந்தாள். அப்பா மாட்டித் தருகிறேன் என்று உங்கள் மகன் வாங்கிக்கொண்டு, நீங்கள் பின்னி அனுப்பிய நீல ஸ்வெட்டரோடு கம்பளத்தில் சரசரவென்று நடந்து வந்து மாட்டினார். திரை கறுப்பு. கழற்றினால் பழையபடி ஓடுகிறது, மாட்டினால் கறுப்பு. கம்பளியில் உரசிவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறதே, அந்த மின்சாரம் பட்டையைக் கொன்றிருக்கும், நமக்கு உறைக்காத அளவே அதற்குப் போதும் என்றாள் பேத்தி. குழந்தை முகம் சுண்டிப்போயிற்று. நீங்கள் வளர்த்த விதத்தை நான் குறை சொல்லவில்லை, ஸ்வெட்டரைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பட்டை வந்ததும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்வெட்டரைப் பறிமுதல் செய்தேன். கம்பளத்தைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். பேத்தி கடிகார வார் போல ஒன்றை மணிக்கட்டில் கட்டி, அதன் வயர் நுனியைக் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வவிட்டாள். உடம்பில் சேருவது அதன் வழியாக இறங்கிவிடுமாம். வெள்ளி உறையிலிருந்து பட்டையைக் கடைசி நிமிடம் வரை எடுக்க விடவில்லை, எடுத்த பிறகும் ஓரத்தைப் பிடிடி, ஓரத்தைப் பிடிடி என்று அவள் காதுக்கு ஓய்வே கொடுக்கவில்லை. வாசல் காவலும் நான்தான். உங்கள் மகன் வந்து நின்றார்.

"அத்தை, பார்க்கக்கூடவா கூடாது?"

"தாராளமா பாருங்க மாப்பிள்ளை. வெளியே போய் ஜன்னல் வழியா பாருங்க."

போய் நின்றார், பாவம், அந்தக் குளிரில். உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பட்டை உட்கார்ந்தது, திரை பளிச்சென்று எரிந்தது. என்னைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தவள் வாரைக் கழற்ற மறந்ததால் பெட்டியும் பாதி தூரம் கூடவே வந்தது. வரைபடம் ஞாயிறு மாலையே போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை நிலைத்தது. ஜன்னலைப் பார்த்து நான் தலையை மட்டும் ஆட்டினேன். மரியாதைக்கு அது போதும்.

உங்கள் கைவிரல்கள் என்றைக்கும் நோவில்லாமல் இருக்கட்டும் என்று வேண்டும்,
உங்கள் சம்பந்தி.

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது பேத்தி வந்து ஒன்று சொல்கிறாள். செத்த பட்டையைச் சும்மா பக்கத்து இடத்தில் மாட்டிப் பார்த்தாளாம், அதுவும் ஓடுகிறது. அன்றைக்கு உடைந்துவிடுமோ என்று உங்கள் மகன் பூப்போல வைத்துவிட்டு, டக் சத்தம் வரும்வரை அழுத்தாமல் விட்டிருக்கிறார். ஸ்வெட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. "அப்போ அதைக் குடுங்க அத்தை, குளிருது" என்று எதிரே நிற்கிறார். துவைத்துப் போட்டிருக்கிறேன், இந்தக் குளிரில் காய நாளாகும் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது நாலு துண்டாகிச் சமையலறை மேடை துடைக்கிறது. அதே நீலம், அதே பின்னல், இன்னொன்று கொஞ்சம் சீக்கிரம் பின்னி அனுப்பவும். பொத்தான்களை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.