ஜெரோம் விழுந்த இடம்

எங்கள் வீட்டில் டாக்டரிடம் போவதென்றால் முதலில் குளிப்போம். தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, அலுமாரியில் இருப்பதிலேயே நல்ல சட்டையாக எடுத்து உடுத்துவோம். இரண்டு நாளாகக் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த மனிதன், டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் பல்லெல்லாம் தெரிய, "நல்லா இருக்கேங்க" என்பான். அவரும் நாலு குளிசையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டு வாசலை மிதித்ததும் முனகல் மீண்டும் தொடங்கும்.

இந்த வியாதி எனக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒரு முழு வீதிக்கும் அதைத் தொற்றவைத்த பெருமை எனக்கு உண்டு.

எங்கள் வீதி மாத்தளை ரயில் நிலையத்துக்குப் பின்புறமாகப் போகிறது. காலையில் கண்டிக்கு ரயில் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வழியாகத்தான் வர வேண்டும். ஒரு பக்கம் மதில். மறுபக்கம் திறந்த கான். கான் என்பது மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வெட்டியது. எங்கள் கானில் மழைத் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் ஓடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவைத்த லொறிகள், வரிசையாக ஆட்டோக்கள், அவற்றை உரசிக்கொண்டு போகும் பஸ். மிச்சமுள்ள இடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளலாம் (மிச்சம் இருந்தால்).

என் மனைவி ரீட்டா முந்திய வருடம் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் இந்தக் கானில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதனால், கண்டியில் படிக்க இடம் கிடைத்த எங்கள் மகள் ஸ்டெலாவுக்கு, ஸ்டேஷனுக்குப் போய்வர நான் ஆசையாக வாங்கிய சைக்கிள் வீட்டைத் தாண்டவில்லை.

"இந்த ரோட்டுல எம்புள்ள சைக்கிள் ஓட்டணும்னா, என்னையப் பெட்டியில வச்சி மூடிட்டு ஓட்டச் சொல்லுங்க" என்று ரீட்டா சொல்லிவிட்டாள்.

சைக்கிள் வீட்டு ஹோலில் நின்றது. அதில் துவாய் காயப்போட்டோம். நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாத தூரத்துக்கு, விடிவதற்கு முன்பே ஸ்டெலாவை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். என்னுடைய பொதுநலச் சேவையின் ஆணிவேர் இந்தத் தூக்கக் கலக்கம்தான் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் எங்கள் வீதிச் சங்கத்தின் செயலாளர். (கூட்டத்தில் தேத்தண்ணி எடுத்துவரப் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் ஏகமனதாகத் தெரிவுசெய்துவிட்டார்கள்.) ஒருநாள் அருமையான செய்தி வந்தது. ரயில் நிலையத்தைச் சுற்றி, நடந்து வருகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் பயமில்லாதபடி ஒரு வீதியைத் திருத்தப்போகிறார்களாம். எங்கள் வீதி, அல்லது ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்து வீதி. ஒரு பெண் இன்ஜினியர் வந்து இரண்டையும் பார்ப்பார். எது மோசமோ அதற்குத்தான் வேலை.

"அப்படின்னா நம்மதாம்ப்பா. கண்ண மூடிக்கிட்டு ஜெயிச்சிருவோம்" என்றாள் ஸ்டெலா.

"இன்னும் கொஞ்ச நாள்தான். நீ சைக்கிள்லதான் ஸ்டேஷனுக்குப் போவ. அப்பா வாக்கு" என்றேன்.

அதற்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நீண்ட அனுபவமும் உண்டு. அன்று பார்த்து எனக்குச் சுறுசுறுப்பு வந்து தொலைந்தது.

ஒரு பெரிய ஆள் நம் வீதிக்கு வருகிறார். குப்பையைக் காட்டியா வரவேற்பது? உடனே சிரமதானத்துக்கு ஆள் திரட்டினேன். வராதவர்களை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தேன். குழிகளுக்கு மண் போட்டோம். மதிலுக்கு வெள்ளையடித்தோம். பலசரக்கு மொத்த வியாபாரி நஸீர் நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய லொறியைப் பின்வளவுக்குள் விடவைத்தேன். ஆட்டோ சுனில் தன் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு அடுத்த சந்திக்குப் போய்விட்டான். மீதி இருந்தது கான் மட்டும். நாற்றமடிக்கும் அதை அந்த அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது? நஸீர் நானாவின் ஸ்டோரில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் கிடந்தன. அவற்றைக் கானின் மேல் நீளத்துக்கும் பரப்பி, மேலே சன்னமாக மணல் தூவி, வீடு வீடாக இரவல் வாங்கிய பூச்சாடிகளை வரிசையாக வைத்தேன்.

நஸீர் நானா ஒரு பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, பூன நடந்தா தாங்கும். புள்ளத்தாச்சிப் பூன நடந்தா நான் பொறுப்பில்ல."

"யாரு நானா இதுல நடக்கப் போறா? இது சும்மா பார்வைக்கு."

ரீட்டா மட்டும், தன் அந்தூரியச் சாடியை என்னிடம் கொடுக்கும்போது ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏங்க, அவங்க வர்றது ரோடு மோசம்னு பாக்கத்தானே?"

"மோசமா இருக்குன்னு நான் வாயால சொல்வேன்ல?" என்றேன். அவள் சாடியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

இன்ஜினியர் அம்மா முற்பகலில் வந்தார். முதலில் அந்தப் பக்கத்து வீதியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருடைய சப்பாத்து இரண்டிலும் சேறு. அது எதிரியின் சேறு என்பதைக் கவனிக்காமல், வெள்ளைக் கழிசானும் வெள்ளைச் சட்டையுமாக நின்ற நான், "ஐயோ, அந்த ரோட்டைப் பாருங்களேன் மேடம், எவ்வளவு அசிங்கம்" என்று சிங்களத்தில் சொல்லி, வெற்றிலை கொடுத்து வரவேற்றேன். (நம் வீதியின் வக்கீல் நான்!)

பிறகு எங்கள் வீதியின் குறைகளை வாயால் அடுக்கினேன். அவர் வீதியை மேலும் கீழும் பார்த்தார். தென்னோலைத் தோரணம் காற்றில் ஆடியது. வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்திருந்த சுனிலின் ஆட்டோ ஒன்றைத் தவிர வண்டி என்று எதுவும் இல்லை.

"மிஸ்டர் ஜெரோம், கான் திறந்து கிடக்கிறது என்று சொன்னீர்களே?"

"ஆமாம் மேடம். அந்தப் பூச்சாடிகளுக்குக் கீழே."

"லொறிகள்?"

"வழக்கமாக இருக்கும். இன்று உங்களுக்காக..."

"நான் பார்த்ததிலேயே அழகான வீதி இதுதான்" என்று அவர் புன்னகைத்தார். "உங்கள் ஆட்களே இவ்வளவு நன்றாக வைத்திருக்கும்போது, கஷ்டப்படுகிற அந்த வீதிக்குக் கொடுப்பதுதானே நியாயம்?"

எனக்குப் பின்னால் ஊரே நின்றது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஸ்டெலாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அன்று அவளுக்கு வகுப்பில்லை. ஏதோ திறப்பு விழா மாதிரி சைக்கிளைத் துடைத்து எடுத்து வந்து வாசலில் வைத்திருந்தாள்.

"மேடம், ஐந்து நிமிடம். சைக்கிளில் போனால் என்ன நடக்கும் என்று காட்டுகிறேன்" என்றேன்.

ஸ்டெலாவின் சைக்கிள். முன்னால் கூடை வைத்த ரோஸ் நிறச் சைக்கிள். நான் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது கல்யாணத்துக்கு முன்பு. சுனிலைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னேன்: "டேய், நீதான் பஸ். பின்னால ஹோர்ன் அடிச்சிக்கிட்டு வந்து என்னைய ஓரத்துக்குத் தள்ளு."

நான் ஆடி ஆடிப் புறப்பட்டேன். பின்னால் சுனில் வந்தான், திருவிழாத் தேர் மாதிரி. இன்ஜினியர் பார்க்கிறார் என்ற மரியாதையில் ஹோர்னைக்கூடத் தொடவில்லை. நான் வேகம் குறைத்தால் அவனும் நின்றான்.

"தள்ளுடா" என்று பல்லைக் கடித்தேன்.

"பரவால்ல அண்ணே, நீங்க மொதல்ல போங்க" என்று கையைக் காட்டினான்.

அவனுடைய நல்ல குணத்தால் எங்கள் வழக்கு தோற்றுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நான் ஏற்பாடு செய்யாத ஒன்று வந்தது. உண்மையான பஸ். தடையில்லாமல் வெறுமையாகக் கிடந்த எங்கள் வீதியைக் கண்ட சந்தோஷத்தில் அது என்றைக்கும் இல்லாத வேகத்தில் வந்து, என் காதுக்குள் ஹோர்னை ஊதியது.

பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. மற்றவர்கள் இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு கையையும் விட்டேனாம். "மாதாவே" என்றேனாம். சைக்கிள் பூச்சாடிகளுக்கு நடுவே நுழைந்ததாம். தேயிலைப் பெட்டிப் பலகை பப்படம் மாதிரி நொறுங்கியதாம்.

கண்ணைத் திறந்தபோது இடுப்பளவு கானுக்குள் உட்கார்ந்திருந்தேன். மடியில் ரீட்டாவின் அந்தூரியம் நிமிர்ந்து நின்றது. வெள்ளைக் கழிசான் எந்த நிறத்துக்கு மாறியது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"அப்பா, சைக்கிளுக்கு ஒன்னும் ஆகலியே?" இது என் மகள்.

"அந்தூரியம் ஒடஞ்சிருச்சாங்க?" இது என் மனைவி.

"நான் அப்பவே பூனன்னு சொன்னேன்" என்றார் நஸீர் நானா. (என்னைப் பற்றி விசாரித்த ஒரே மனிதர் அவர்தான் என்று எடுத்துக்கொண்டேன்.)

இன்ஜினியர் அம்மா ஓடிவந்து குனிந்து பார்த்தார். செயலாளர் என்ற கௌரவத்தை விடாமல், கானுக்குள் இருந்தபடியே கையை விரித்துக் காட்டினேன்.

"இதுதான் மேடம், நான் சொன்ன கான்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைத் தூக்கிவிட்டு, கைகாலை எல்லாம் அசைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு, "எல்லாவற்றையும் பழையபடி வையுங்கள். சாயந்தர ரயில் வரும் நேரம் திரும்பி வருகிறேன். யாரும் எதையும் துடைக்கக் கூடாது. முக்கியமாக நீங்கள்" என்றார்.

ஆக, ஒரே நாளில் ஊரைத் திரட்டி வீதியைப் பழையபடி ஊத்தையாக்கிய முதல் செயலாளர் நான். "காலையில எடுங்கிற, இப்ப போடுங்கிற. இது லொறியா, செருப்பா?" என்று திட்டிக்கொண்டே நஸீர் நானா லொறியைப் பழைய இடத்தில் விட்டார். பூச்சாடிகள் வீடு திரும்பின. சுனிலின் கூட்டாளிகள் ஓரத்தை நிறைத்தார்கள்.

சாயந்தர ரயில் வந்தது. பைகளோடும் பிள்ளைகளோடும் ஜனங்கள் வீதியில் இறங்கினார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில் நடந்தாள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கானின் விளிம்பில் ஒரு காலை மற்றக் காலுக்கு முன்னால் வைத்து வைத்து, கம்பியில் நடப்பதுபோல் போனாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தினமும் செய்வதுதானே. அப்போதுதான் எனக்கே சிரிப்பு அடங்கியது. ரீட்டா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்ஜினியர் அம்மாவே லொறியோடு லொறியாக ஒட்டிக்கொள்ள வேண்டிவந்தது. அவருடைய குடை கானுக்குள் போனது. நான் எடுத்துத் தரப் பாய்ந்தேன்.

"வேண்டாம் மிஸ்டர் ஜெரோம்" என்று அவசரமாகத் தடுத்தார். "நீங்கள் ஏற்கெனவே காட்டிவிட்டீர்கள்."

வேலை எங்களுக்குத்தான் வந்தது. இன்று வந்து பாருங்கள். கானின் மேல் கனமான கொங்கிரீட் மூடி, அதுவே நடைபாதை. (புள்ளத்தாச்சி யானை நடந்தாலும் தாங்கும்; நஸீர் நானாவே ஏறிக் குதித்துப் பார்த்தார்.) சைக்கிளுக்கு ஒரு கோடு. ஸ்டேஷன் வாசலில் வீதியைக் கடக்க மஞ்சள் கடவை, அதற்கு முன்னால் பஸ்ஸை மண்டியிடவைக்கும் ஒரு மேடு. லொறி நிரந்தரமாகப் பின்வளவுக்குள் போய்விட்டது. அந்தப் பக்கத்து வீதியையும் அடுத்ததாக எடுத்திருக்கிறார்கள். எப்படி விழுவது என்று ஆலோசனை கேட்டு அவர்கள் சங்கத்திலிருந்து என்னிடம் ஆள் வந்தது.

ஸ்டெலா முதல்நாள் சைக்கிளில் புறப்பட்டபோது ரீட்டா வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சந்தோஷத்தில் திரும்பப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து போய், அவள் கடவையைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் யாராவது விருந்தாளி வரும்போது நான் எதையாவது ஒதுக்கத் தொடங்கினால், "அப்பா பலகை போடுறாரு" என்று இன்றைக்கும் தாயும் மகளும் சிரிக்கிறார்கள். ஊர் அதோடு விடவில்லை. நான் விழுந்த இடத்துக்கு எதிரில்தான் இப்போது பஸ் நிற்கிறது. கொண்டக்டர்கள் அதற்கு வைத்த பெயர் "ஜெரோம் வெட்டிச்ச தென". சிங்களத்தில், ஜெரோம் விழுந்த இடம். மற்றவர்களின் பெயர் செத்த பிறகுதான் வீதிக்கு வரும்.

போன மாதம் பஸ்ஸில் கொண்டக்டர் அந்தப் பெயரைக் கூவியபோது, பக்கத்தில் இருந்த, ஊருக்குப் புதிதான ஒரு அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"பாவம், இங்க விழுந்துதான் போய்ட்டாராங்க அந்த மனுசன்?"

"இல்லீங்கம்மா" என்று எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "இங்கதான் எறங்குறாரு."