மழை நிரூபித்த கோட்பாடு

மரக்காணத்தில் உப்பு விலை ஏன் விழுகிறது என்று கண்டறிய ஒரு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. அதில் நான் டைப்பிஸ்ட். ஆகவே எல்லாம் எனக்குத் தெரியும். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

குழுவின் முன் இரண்டு கோட்பாடுகள் வந்தன. முதலாவது, குத்தகைக்கு உப்புப் பாத்தி எடுத்திருக்கும் அம்சவல்லியுடையது.

"மழைக்கு முன்னாடி வித்தே ஆகணுங்க. உப்பைக் குமிச்சு வைக்கக் கூரை இல்ல. வியாபாரிக்கு அது தெரியும். வானம் கறுக்குற வரைக்கும் லாரியிலயே உக்காந்திருப்பாரு. அப்புறம் அவரு சொல்றதுதான் விலை. ஒரு ஷெட் போட்டுக் குடுங்க. இந்த வருஷம் உங்கள நம்பித்தான் விக்காம வெச்சிருக்கேன்."

இரண்டாவது, முனைவர் கௌதமுடையது. உப்பு அதிகமாக இருப்பதால் விலை விழுகிறது. உப்பு குறைந்தால் விலை தானாக ஏறும். இதற்கு எண்பது ஸ்லைடு.

தலைவர் அப்பாதுரை நடுநிலை தவறாதவர். இருவரையும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, உன் கோட்பாட்டுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"ஷெட் கட்டணுங்க."

"அப்போ டெண்டர் விடணும், ஆடிட் வரும். சார், உங்களதுக்கு?"

"எதுவுமே செய்யக் கூடாது. அதுதான் இதன் சிறப்பு."

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ரத்தானதுபோல அப்பாதுரை முகம் மலர்ந்தது. "சயின்ஸுன்னா இதான்யா," என்றார்.

"சார் ஒரு தடவையாச்சும் உப்பளத்துக்கு வந்தாரா?" என்றாள் அம்சவல்லி.

"நேரில் பார்த்தால் ஆய்வு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்," என்றார் முனைவர். அதையும் பிழையில்லாமல் டைப் அடித்தேன்.

மதியம் முனைவரின் ஆய்வு நிதியில் எல்லோருக்கும் கூனிமேட்டுப் பிரியாணி. அம்சவல்லியின் கோட்பாட்டில் டீ கூடக் கிடையாது. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். வந்திருந்த உப்பளத்துக்காரர்கள் அத்தனை பேரும் முனைவருக்கே தூக்கினார்கள். நான் மட்டும் என்ன யோக்கியன், இரண்டு பொட்டலம் வாங்கியிருந்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. அம்சவல்லியின் உப்புக் குவியல் இருந்த இடத்தில் ஈரம்தான் மிச்சம். விலை தானாக ஏறும் என்று விற்காமல் காத்திருந்த அடுத்தவர் குவியல்களும் அப்படியே. உப்பு குறைந்தது, விலை ஏறியது. கோட்பாடு நிரூபணமானதாக நான்தான் அறிக்கை அடித்தேன். முனைவருக்கு விருது கொடுத்தார்கள்.

போன வாரம் மளிகைக் கடையில் அம்சவல்லியைப் பார்த்தேன். பக்கத்துப் பாத்திக்காரர் பச்சமுத்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா, சார் சொன்ன மாதிரியே விலை ஏறிடுச்சு."

"விக்கிறதுக்கு உங்ககிட்ட உப்பு இருக்குதா?"

பச்சமுத்து கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அது வேற சப்ஜெக்ட்டும்மா," என்றவர், ஒரு பாக்கெட் உப்பு கேட்டு, ஏறிய விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.